கைலி கப்பலேறிய ஊர்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பவர்கள் மூன்று வகை. பால்காரர், பக்திமான், பைக்கில் ஊர் சுற்றப் போகிறவன். மூன்றாவது ஆசாமிக்கு மட்டும்தான் முதல் நாளே வீட்டில் அனுமதி வாங்க வேண்டிய தொல்லை உண்டு.

"எங்கே போறீங்க?"

"கும்மிடிப்பூண்டி."

"அங்கே என்ன இருக்கு?"

நியாயமான கேள்விதான். பெரம்பூர்வாசியான எனக்குக் கும்மிடிப்பூண்டி என்பது மின்சார ரயிலின் நெற்றியில் எழுதியிருக்கும் ஒரு பெயர். அதில் ஏறி நடுவில் எங்காவது இறங்கியிருக்கிறேனே தவிர, கடைசி வரை போனதில்லை.

"நம்ம சிப்காட் இருக்கானே" என்றேன்.

சிப்காட் என்பது அவன் பெயர் இல்லை. என்னோடு பி.காம். படித்தவன். படித்து முடித்ததும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் சேர்ந்தான். இப்போது டெஸ்பாட்ச் செக்‌ஷன் சூப்பர்வைசர். பத்து வருஷமாக லாரி, லோடு, ஷிஃப்ட் இவற்றைத் தவிர வேறு எதையும் அவன் பேசிக் கேட்டதில்லை. நாங்கள் வைத்த பெயர் நின்றுவிட்டது. அவன் அம்மாவே ஒருமுறை போனில், "சிப்காட் குளிச்சிட்டிருக்கான்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

"சாயந்திரம் ஆறு மணிக்குள்ள வரணும். வரும்போது நல்ல மீனா வாங்கிட்டு வாங்க" என்று உத்தரவாயிற்று. கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவனிடம் மீன் கேட்கிறாளே என்று சிரித்தேன். சாயந்திரம் அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

மாதவரம், செங்குன்றம், காரனோடை. கல்கத்தா நெடுஞ்சாலையில் பனி விலகாத நேரம். நல்லூர் டோல்கேட்டில் கார்க்காரர்கள் வரிசையில் நிற்க, ஓரமாக நுழைந்து காசு கொடுக்காமல் போவது இருக்கிறதே, அது பைக் வைத்திருப்பவனுக்கு அரசாங்கம் கொடுத்த ஒரே கௌரவம். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன். அடுத்த நிமிஷமே ஒரு டிரெய்லர் லாரி பக்கத்தில் உரசுகிற மாதிரி வந்து என் கௌரவத்தைச் சாலையோரம் தள்ளியது. டிரெய்லரின் முதுகில் இரும்புச் சுருள். ஒரு சுருள் சின்னக் கிணறு அளவு இருந்தது.

இந்தச் சாலையில் இரண்டே ஜாதி. துறைமுகத்துக்குப் போகிற லாரி, துறைமுகத்திலிருந்து வருகிற லாரி. நடுவில் மாட்டிக்கொண்ட என்னைப் போன்றவர்கள் கணக்கிலேயே இல்லை.

கும்மிடிப்பூண்டி டீக்கடையில் சிப்காட் காத்திருந்தான். நைட் ஷிஃப்ட் முடித்த கண்கள். கையில் வடை.

"எங்கேடா போகலாம்?"

"பழவேற்காடு."

"அங்கே என்னடா இருக்கு?"

என் மனைவி கேட்ட அதே கேள்வி! அவளாவது பெரம்பூர். இவன் பத்து வருஷமாகப் பழவேற்காட்டுக்கு ஒரு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறான். தினமும் கம்பி ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புகிறான். துறைமுகம் எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. ஏரி எப்படி இருக்கும் என்று கேட்டதில்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். தாஜ்மகாலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுப்போம், அடுத்த பஸ் ஸ்டாப்பில் இறங்கிப் பார்க்க மாட்டோம்.

"ஏறு" என்றேன்.

* * *

தச்சூர் கூட்டுச்சாலைக்குத் திரும்பி வந்து கிழக்கே பொன்னேரி. அதைத் தாண்டியதும் சாலையின் குணமே மாறிவிடுகிறது. லாரிகள் காணாமல் போய், இரண்டு பக்கமும் நெல் வயல்கள். பழைய சிவன் கோயில் இருக்கிற திருப்பாலைவனம் தாண்டியதும் காற்றில் உப்பு. மூக்கு முதலில் கண்டுபிடிக்கிறது, கண் அப்புறம்தான். திடீரென்று எதிரே வானம் கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்த மாதிரி தண்ணீர்.

"டேய்... கடலா?"

"ஏரிடா."

"இவ்வளவு பெருசாவா?"

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியண்ணன் இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்க, தெற்கு நுனி மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். வடமேற்கே காளங்கி, தெற்கே ஆரணியாறு எல்லாம் நல்ல தண்ணீரைக் கொண்டு வந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரைத் தள்ளுகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மதில்சுவர் மாதிரி நீளமாகப் படுத்திருக்கும் தீவுதான் ராக்கெட் புகழ் ஸ்ரீஹரிகோட்டா.

தூரத்தில், தண்ணீரும் வானமும் சேரும் இடத்தில், ரோஸ் கலர் சாக்பீஸால் கோடு கிழித்த மாதிரி ஒன்று. கோடு அசைந்தது. பூநாரைகள்! பனிக்காலத்தில் வந்து இறங்கும் விருந்தாளிகள். பிறக்கும்போது அவை இந்த நிறம் கிடையாதாம். தின்கிற பாசியிலும் குட்டி இறாலிலும் இருக்கிற நிறமிதான் இறகில் ஏறுகிறது.

"அப்போ நான் தினமும் தின்கிற கேன்டீன் உப்புமாவுக்கு என்ன நிறம் வரும்?" என்று சிப்காட் கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஏற்கெனவே வந்திருந்தது.

* * *

முதலில் கல்லறைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது கல்லறைக்குப் போவார்களா என்று கேட்காதீர்கள். இது சாதாரணக் கல்லறை இல்லை. தொல்லியல் துறை பாதுகாக்கிற டச்சுக்காரர்கள் கல்லறை. வாசலில் 1656 என்று வருஷம். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நம்மை வரவேற்கின்றன.

சிப்காட் அவற்றை உற்றுப் பார்த்தான். "ரெண்டு பேருமே நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்த மாதிரி இருக்காங்கடா" என்றான், தொழில் அனுதாபத்தோடு.

உள்ளே வரிசையாகக் கருங்கல் பலகைகள். குடும்பச் சின்னங்கள், பூ வேலை, புரியாத டச்சு எழுத்துகள். ஆம்ஸ்டர்டாமில் கப்பலேறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வந்து, இந்த ஊர் வெயிலில் செத்துப்போனவர்கள். எதற்காக இத்தனை தூரம்?

நம்புங்கள், கைலிக்காக!

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டச்சுக்காரர்களுக்கு வேண்டியிருந்தது ஜாதிக்காய், கிராம்பு. அது விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கு மூலையில் இருக்கும் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்கள், வெள்ளிக் காசைவிட எங்களுக்குச் சோழமண்டலக் கரைத் துணிதான் வேண்டும் என்றார்கள். எனவே துணி வாங்க இங்கே வந்தார்கள். 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் பழவேற்காட்டில் வியாபாரம் செய்ய அனுமதி. இரண்டே வருஷத்தில், சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியர்கள் வந்து பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த வருஷமே, 1613-ல், டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிவிட்டார்கள். பெயர் கெல்டிரியா. அங்கிருந்து சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் சுமார் எண்பது வருஷம் ஆண்டார்கள். 1690-ல்தான் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று.

பழவேற்காட்டை அவர்கள் 'பலியகாட்' என்கிற மாதிரி உச்சரித்தார்கள். துணிக்கடையில் கட்டம் போட்ட கைலியைக் காட்டி 'பளையகாட் லுங்கி' என்பார்களே, அது இந்த ஊர்ப் பெயர்தான். மலேசியாவில் இன்றைக்கும் கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். நம் ஊர் ஒன்று கடல் கடந்து இன்னொரு நாட்டுக்காரர் இடுப்பில் நானூறு வருஷமாக நிற்கிறது. நாம் அதைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனால், "லுங்கியோடவா தெருவுக்கு வர்றீங்க?" என்று வீட்டில் திட்டு!

கல்லறைத் திண்ணையில் உட்கார்ந்து சிப்காட் செல்போனில் படித்துக்கொண்டிருந்தான். திடீரென்று, "டேய், வ.உ.சி. இங்கே வந்திருக்காராடா?" என்றான்.

"யாரு?"

"வி.ஓ.சி.ன்னு போட்டிருக்கு. பழவேற்காட்டைக் கட்டியாண்டதாம்."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. டச்சு மொழியில் அவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் வி.ஓ.சி. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோமே, அந்த வ.உ.சி. வேறு. ஆனால் சிரித்து முடித்ததும் எனக்குள்ளே இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. 1602-ல் ஆரம்பித்த டச்சு வி.ஓ.சி.தான் பொதுமக்களிடம் பங்கு விற்று மூலதனம் திரட்டிய முதல் பெரிய கம்பெனி. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண் கூடப் பங்கு வாங்கியிருக்கிறார். நம் வ.உ.சி.யும் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்கு விற்றவர்தான். ஒரு வி.ஓ.சி. நம்மிடமிருந்து ஏற்றிக்கொண்டு போகப் பங்கு விற்றது. இன்னொருவர் நம் கப்பலை நாமே ஓட்ட விற்றார். காலேஜில் 'ஷேர் கேப்பிட்டல்' பாடத்தை இப்படிச் சொல்லித் தந்திருந்தால் நான் அரியர் வைத்திருக்க மாட்டேன்.

ஏற்றிக்கொண்டு போனது துணி மட்டும் இல்லை. கோட்டையில் வெடிமருந்து தயாரித்தார்கள். பஞ்ச காலங்களில் மனிதர்களையே வாங்கி, ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். கருங்கல்லில் பெயர் வெட்டிப் படுத்திருப்பவர்கள் ஒரு பக்கம். பெயரே இல்லாமல் போனவர்கள் மறுபக்கம். அதைப் படித்ததும் சிப்காட் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டான்.

கோட்டை எங்கே என்று தேடினால், அகழி இருக்கிறது. உள்ளே முள்ளும் புதரும் மண்மேடும். கம்பெனி 1799-ல் இழுத்து மூடப்பட்டது. ஊர் 1825-ல் ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாகப் போனது. அந்த ஆங்கிலேயர்களும் ஒரு காலத்தில் பழவேற்காட்டில் காலூன்றப் பார்த்தவர்கள்தான். டச்சுக்காரர்கள் விடவில்லை. ஏரியின் வடக்கு முனைப் பக்கம் 1626-ல் ஆர்மகான் என்று ஒரு இடம் பிடித்தார்கள். அங்கே வியாபாரம் சரிப்படாமல் தெற்கே இடம் தேடி வந்து 1639-ல் பிடித்ததுதான் மதராஸ். டச்சுக்காரர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தால், ஐகோர்ட், சட்டமன்றம், டிராஃபிக் ஜாம் எல்லாம் பழவேற்காட்டில் இருந்திருக்கும். பெரம்பூரிலிருந்து நான் பூநாரை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

* * *

பசி. ஏரிக்கரையை ஒட்டி மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மடவை, கெளுத்தி, இறால், ஒரு காலைக் கட்டினால் இன்னொரு காலால் சண்டைக்கு வருகிற நண்டு. பெரிய நண்டுகளைக் கயிற்றால் கட்டித் தனியாக வைத்திருந்தார்கள்.

"இது எவ்வளவுங்க?"

"இது உங்களுக்கு இல்ல சார். வெளிநாட்டுக்கு. உசிரோட பிளேன் ஏறும்."

நான் இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை. நண்டு என்னை ஏளனமாகப் பார்த்த மாதிரி இருந்தது.

சின்ன ஓட்டலில் மடவைக் குழம்பும் இறால் தொக்கும் சாப்பிட்டோம். அதைப் பற்றி எழுதினால் இந்த இதழைப் படிக்கிற மதிய நேர ஆபீஸ் அன்பர்கள் டிபன் பாக்ஸை வெறுத்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

சாப்பிட்ட தெம்பில் சிப்காட்டுக்கு ஆசை வந்தது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய், "ஐயா, படகுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவீங்களா? பறவைங்களைக் கிட்டப் போய்ப் பார்க்கணும்" என்றான்.

பெரியவர் நிமிராமலே, "அதெல்லாம் இல்ல தம்பி" என்றார்.

"காசு வேணும்னா சேர்த்து..."

"காசுக்கு இல்ல நைனா. 2011-ல கிறிஸ்துமஸ் அன்னிக்குப் படகு கவுந்து இருபத்திரண்டு பேர் போனாங்க. பொம்பளைங்க, குழந்தைங்க. அளவுக்கு மேல ஏத்தினது. உடம்புல மிதக்கிற கோட்டு இல்ல. அப்பால டூரிஸ்டுக்குப் படகே கூடாதுன்னுட்டாங்க. கேட்கிறவங்க இன்னிக்கும் கேட்கிறாங்க. நான் எடுக்க மாட்டேன்."

சிப்காட் மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தான். நானும். நாங்கள் கேட்டது தப்பு என்று சொல்லாமலே சொல்லிவிட்டு, அவர் வலையைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எந்த ஊரு?" என்றார்.

"கும்மிடிப்பூண்டி. சிப்காட்ல வேலை."

பெரியவரின் கை நின்றது. இப்போது நிமிர்ந்து பார்த்தார். "எம் புள்ளையும் அங்கதான் கீறான். லோடு ஏத்துற வேலை. மூணு வருசமாச்சு. கான்ட்ராக்ட்டுன்றாங்க. பர்மனன்ட் பண்ணுவாங்களா தம்பி?"

சிப்காட் கம்பெனி பெயரைக் கேட்டான். இவன் கம்பெனி இல்லை, இரண்டு தெரு தள்ளி வேறு ஒன்று. ஆனால் அவன் முகம் அவன் கம்பெனியே மாதிரி ஆகிவிட்டது. பத்து வருஷமாக லோடிங் ஆட்களின் ஷிஃப்ட் சார்ட்டைப் போடுகிறவன் அவன்தான். எத்தனை பேர் பர்மனன்ட் ஆனார்கள் என்று அவனுக்குத் தெரியாதா?

"கஷ்டம்தாங்க ஐயா" என்றான் கடைசியில். பொய் சொல்லவில்லை. அதற்காக அவனை எனக்குப் பிடிக்கிறது.

"புள்ளையை ஏன் ஏரிக்குக் கூட்டிட்டுப் போகலை?" என்றேன் நான், பேச்சை மாற்ற.

அப்போதுதான் 'பாடு' பற்றிச் சொன்னார். நான் அன்றைக்குப் பார்த்ததில், கேட்டதில் முக்கியமானது இதுதான்.

ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படுகிற இடங்கள் சில உண்டு. எல்லாரும் ஒரே இடத்துக்குப் போனால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். எந்தக் கிராமத்துக்கு எந்த நாள், கிராமத்துக்குள் எந்த ஆளுக்கு எந்த இடம், எல்லாம் சீட்டுப் போட்டு முடிவாகும். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்குச் சுமாரான இடம். யாரும் நிரந்தரமாக நல்ல இடத்தில் உட்கார முடியாது, யாரும் நிரந்தரமாக மூலையிலும் கிடக்க வேண்டாம். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, ஊர்க் கூட்டம்தான். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

குறையே இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டு உரிமை சில கிராமங்களின் தலைக்கட்டுகளுக்குத்தான். தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிற இருளர்கள் போன்றவர்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. ஆனாலும், லீவு லெட்டரை யார் முதலில் கொடுத்தது என்று சண்டை போடுகிற ஆபீஸிலிருந்து வந்தவர்களுக்கு இது அதிசயம்தான்.

"அப்போ உங்களுக்குப் பாடு இருக்கில்ல? அது பர்மனன்ட்தானே?" என்றான் சிப்காட்.

பெரியவர் சிரித்தார். "பாடு பர்மனன்ட்டுதான் நைனா. தண்ணிதான் டெம்பரரி."

எனக்குப் புரியவில்லை. வலையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். முகத்துவாரம் திறந்திருந்தால்தான் கடல் தண்ணீர் உள்ளே வரும். அதோடு இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வரும். ஏரியில் வளரும். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும், ஏரி ஆழம் குறையும், படகு கடலுக்குப் போக முடியாது. கோடை வந்தால் எப்போதுமே கொஞ்சம் அடைக்கும், மழை வந்து உடைக்கும். "இப்போ சீக்கிரம் அடைக்குது" என்கிறார். கருங்கல் சுவர் கட்டி முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க அரசாங்கத்தில் திட்டம் போட்டிருக்கிறார்கள். "அது நின்னா நாங்க நிப்போம்" என்றார்.

எழுந்திருக்கும்போது, "ராக்கெட் விடுற அன்னிக்கு வாங்க. இங்கேருந்தே தெரியும். அன்னிக்கு எங்களுக்கும் லீவுதான், கடலுக்குப் போவக்கூடாது" என்று அழைப்பும் கொடுத்தார்.

* * *

பாலம் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. கலங்கரை விளக்கம் நிற்கிறது. அது வழி காட்டிய பழைய துறைமுகம்தான் இல்லை. அந்தக் காலத்திலும் பெரிய கப்பல்கள் கரைக்கு வந்ததில்லை. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். முகத்துவாரம் வழியாகச் சின்னப் படகுகள் சரக்கைக் கொண்டு போய்க் கொடுக்கும். கவர்னர் துரை முதல் இறால் குஞ்சு வரை எல்லாருக்கும் அந்த ஒரே வாசல்தான்.

அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே பைக்கை விட்டோம். சவுக்குத் தோப்பு, மீனவர் குப்பங்கள், மணல், காலி சாலை. எங்கள் சந்தோஷம் முழுசாக அரை மணி நேரம் நீடித்தது. பிறகு எதிரே ராட்சசக் கிரேன்கள் முளைத்தன. காட்டுப்பள்ளி துறைமுகம், 2013-ல் வந்தது. அதற்குப் பக்கத்திலேயே 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம். 2014 முதல் அதற்குக் காமராஜர் பெயர். அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதற்காக ஆரம்பித்தது, இன்றைக்குக் காரெல்லாம் கூடக் கப்பலேறுகிறது.

சிப்காட் ஒரு குழந்தையைப் போல் இறங்கி நின்று பார்த்தான். "என் கம்பி எல்லாம் இங்கேதான் வருதா!" கடலில் நாலைந்து கப்பல்கள் நங்கூரம் போட்டு முறைக்குக் காத்திருந்தன. அவையும் பாடு முறையில்தான் இருக்கின்றன போலும்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் பிரமிப்பாகத்தான் இருந்தது. இந்தத் துறைமுகங்கள் இல்லாவிட்டால் கும்மிடிப்பூண்டி இல்லை, சிப்காட்டின் சம்பளம் இல்லை, பெரியவர் மகனின் கான்ட்ராக்ட் வேலையும் இல்லை. என் வீட்டு மின்விசிறி சுற்றுகிறதே, அதற்கான நிலக்கரியும் இந்த வழியாக வந்ததுதான்.

ஆனால் கடலோர மணலுக்கு ஒரு குணம் உண்டு. அது சும்மா கிடக்காது. நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். நடுவில் கடலுக்குள் சுவர் கட்டினால், தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் சென்னைத் துறைமுகச் சுவர். ராயபுரத்துக்கு வடக்கே கரையெல்லாம் கருங்கல் கொட்டிக் கிடப்பதற்குக் காரணமும் அதே சுவர்தான். நாம் மெரினாவில் சுண்டல் தின்றதற்கான பில், வடசென்னைக்குப் போயிருக்கிறது. அதேபோல எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் நிற்கிற சுவர்களுக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு பெரிதாக்கும் திட்டம் வந்தபோது பழவேற்காட்டு மீனவர்கள் ஏன் கொதித்தார்கள் என்பது, பெரியவர் மண்ணில் போட்ட கோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பேப்பரில் படித்தபோது, 'ஏதோ போராட்டம்' என்று அடுத்த பக்கம் திருப்பியவன் நான்.

எது சரி, எது தப்பு என்று தீர்ப்பு சொல்லுமளவு எனக்கு அறிவில்லை. பி.காம். படித்தவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுத வேண்டும். துறைமுகக் கணக்கில் வரவை எழுதுகிறவர்கள் நிறைய. பற்று எழுதுகிற பக்கத்தில் அந்தப் பெரியவர் வலையோடு உட்கார்ந்திருக்கிறார்.

வல்லூர் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. அதில் ஒரு மணி நேரம் நின்றதில் நாங்களும் சரக்காகவே ஆகிவிட்டோம். சிப்காட்டை மீஞ்சூரில் ரயிலேற்றிவிட்டு வீட்டுக்குப் போனபோது மணி எட்டு. மன்னிப்புக் கேட்கும் விதமாக மடவை மீன் பையை நீட்டினேன். மீனைப் பார்த்ததும் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

குளித்துவிட்டுக் கட்டம் போட்ட கைலியைக் கட்டிக்கொண்டேன். "இது சாதாரண லுங்கின்னு நினைக்காதே. நானூறு வருஷ எக்ஸ்போர்ட் சரக்கு" என்று ஆரம்பித்தேன். "அந்த எக்ஸ்போர்ட் சரக்கோட தெருவுக்குப் போகாதீங்க" என்று பதில் வந்தது.

* * *

பத்து நாள் கழித்து சிப்காட் போன் செய்தான்.

"டேய், பர்மனன்ட் பண்ற அதிகாரம் எனக்குக் கிடையாது. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"ஆனா ஷிஃப்ட் சார்ட் போடறது நான்தானே? இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை நைட் முழுக்க கான்ட்ராக்ட் பசங்க தலையிலதான் எழுதிட்டு வந்திருக்கேன். யாரும் கேட்டதில்ல. கேட்டா நாளைக்கு வேலை இருக்காதேன்னு கேட்கலை போல. இந்த மாசம் எல்லார் பேரையும் எழுதி, டீ டம்ளர்ல போட்டுக் குலுக்கினேன். பர்மனன்ட், கான்ட்ராக்ட், சூப்பர்வைசர் எல்லாரும் ஒண்ணா. பாடு முறைடா!"

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. சொல்லப்போனால் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனான நானும் வாழ்க்கை முழுக்கக் கான்ட்ராக்ட் ஆசாமிதான்.

"ரொம்ப நல்ல காரியம்டா" என்றேன். "அப்போ இந்த ஞாயித்துக்கிழமை மறுபடி பழவேற்காடு போலாமா? ராக்கெட் விடறாங்களான்னு பார்க்கலாம்."

மறுமுனையில் பெரிய பெருமூச்சு.

"எங்கேடா... முதல் சீட்டே என் பேருதான் வந்துது."